கேள்வியைத் தேய்ப்பவள்

கிளைப்பேடா துறைமுகத்தில்
கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையின் மாடியறை.
என் பதவிக்குப் பெயர் தொடர்பு அலுவலர்.
கீழே அவர்கள் இரும்பைத் தேய்க்கிறார்கள்.
மேலே நான் கேள்விகளை.

டௌமந்தஸ் கையுறைப் பெட்டியின் அட்டையைக் கிழித்து
எழுதிக்கொண்டு வருவான்:
"வரைபடம் ஏன் தப்பாக இருக்கிறது?"
உட்கார் என்பேன்.
உட்கார மாட்டான், உடையெல்லாம் எண்ணெய்.

முதலில் 'ஏன்' போகவேண்டும்.
ஆங்கிலக் கடிதத்தில் அது விரல் நீட்டும் சொல்.
'புரிந்துகொள்ள உதவ முடியுமா' என்று மாற்றினால்
விரல் மடங்கி உள்ளங்கை விரியும்.
'தப்பு' என்பதைச் 'சிறு வேறுபாடு' ஆக்கினேன்.

எங்கள் மொழியில் நீ உண்டு, நீங்கள் உண்டு.
அந்த மொழியில் கப்பல் முதலாளிக்கும்
அவர் நாய்க்கும் ஒரே சொல்.
அதனால் மரியாதையை வேறெங்கிருந்தோ
இரவல் வாங்குகிறார்கள்,
பெரும்பாலும் இறந்தகாலத்திலிருந்து:
இந்த நிமிடம் கேட்பதை
எப்போதோ யோசித்துக்கொண்டிருந்ததாக எழுதினால்
பணிவு வந்துவிடும்.

டௌமந்தஸ் சிரித்தான்.
"எப்போதோ இல்லை.
இன்றைக்குக் காலையில்தான் குழாய் பொருந்தவில்லை."

கணக்குப் பிரிவு உர்ஷுலே கேட்டது "பணம் எங்கே?"
'விலைப்பட்டியல் வந்து சேர்ந்ததா என்று
உறுதிசெய்துகொள்ளவே எழுதுகிறோம்' என்றேன்.
சேர்ந்தது என்பது இரு பக்கமும் தெரியும்.
வெள்ளிக்கிழமை பணம் வந்தது.
திங்கட்கிழமை என் மேசையில் ஒரு சாக்லேட் பெட்டி.
பட்டும் படாமலும் எழுதுவதற்கு
என்னை விட்டால் ஆளில்லை என்றார் மேலாளர்.

மார்ச் பதினொன்று. மூன்றாம் தொட்டிக்குள்
விளக்கோடு இறங்கிய எய்முதிஸ் ஏறிவரவில்லை.
கயிறு கட்டி இழுத்தார்கள்.
உதடு கார்பன் தாள் நிறத்தில் இருந்தது.
தொட்டிக்குள் வாயு இல்லை என்ற சான்றிதழ்
பெர்கனிலிருந்து கப்பலோடு வந்திருந்தது.

அட்டை மறுபடி வந்தது. இரண்டே சொல்:
"கையெழுத்திட்டது யார்?"

'யார்' என்பதைத் தேய்க்கப் பார்த்தேன்.
எந்தத் துறை. எந்த நடைமுறையின் கீழ்.
எத்தகைய சூழலில் கையொப்பம் இடப்பட்டது
என்பதை அறியத் தர இயலுமா.
பதினான்கு தடவை.
ஒவ்வொரு தடவையும் ஆள் மறைந்து
வினை மட்டும் நின்றது,
யாருமே செய்யாத வேலை போல.

டௌமந்தஸ் முதல்முறையாக
என் நாற்காலியில் உட்கார்ந்தான், எண்ணெயோடு.
ஒற்றை விரலால் தட்டினான். அனுப்பினான்.

ஒன்பது நிமிடத்தில் பதில்.
ஒரு பெயர். அதன்கீழ், இணைப்பாக,
பிப்ரவரி மாதம் அவர்களுடைய தொடர்பு அலுவலர்
எனக்கு எழுதிய கடிதம்:
'உங்களுக்கு வசதிப்பட்டால்,
மூன்றாம் தொட்டியின் காற்றோட்டத்தை
இன்னொரு முறை பார்ப்பது ஒருவேளை பயனளிக்குமோ
என்று யோசித்துக்கொண்டிருந்தோம்.'
அதற்கும் கீழே நான்:
'நன்றியுடன் குறித்துக்கொண்டோம்.'

பிசிறு இல்லாத வாக்கியம்.
அன்று அதை ரசித்துப் படித்தது நினைவிருக்கிறது.
காற்றோட்டம் என்ற சொல்லை அல்ல,
'ஒருவேளை' வந்து உட்கார்ந்த இடத்தை.

பெர்கனில் எவனோ ஒரு அட்டையில் எழுதியிருப்பான்:
"உள்ளே வாயு இருக்கிறதா, பார்த்தார்களா?"
அங்கேயும் ஒருத்தி
மாடியில் உட்கார்ந்து தேய்த்திருக்கிறாள்.
தேய்த்த கையை எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எய்முதிஸ் பிழைத்தான்.
வாசனை மட்டும் அவனுக்குத் திரும்பவில்லை.
இப்போது கிடங்கில், உட்கார்ந்த இடத்தில் வேலை.
மத்தியானம் மாடியேறி வந்து
பால் பொட்டலத்தை என் மூக்கருகே நீட்டுகிறான்.

"கெட்டுப்போச்சா?"

வாயில் ஏதோ ஒரு முன்னுரை திரள்கிறது.
விழுங்கிவிட்டு
"கெட்டுப்போச்சு" என்கிறேன்.